விலாசம் தப்பிய பார்சல்



சர்க்கரை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கேன்டீன் டீ. அடுத்து ரேஷன் கடை. அதற்கும் அடுத்து, வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும் சர்க்கரை வியாதி. பள்ளிக்கூடத்தில் படித்த உயிரியலும் இதைத் தாண்டிப் பெரிதாகச் சொல்லித் தரவில்லை. சர்க்கரை ஓர் எரிபொருள், எரித்தால் சக்தி, மிஞ்சினால் கொழுப்பு. சாப்டர் ஓவர்!

ஆனால் நம் உடம்புக்குள் சர்க்கரைக்கு இன்னொரு உத்தியோகமும் இருக்கிறது. அது எழுத்து வேலை. செல்லுக்குள் தயாராகும் எத்தனையோ புரதங்களின் முதுகில் அவை போய்ச்சேர வேண்டிய விலாசத்தைச் சர்க்கரைதான் எழுதுகிறது. அந்த விலாசத்தைப் படித்து, சரக்கைப் பொறுக்கி எடுத்து, சரியான வண்டியில் ஏற்றிவிட ஒரு கூட்டமே உள்ளே வேலை பார்க்கிறது. சர்க்கரையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் அந்தப் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர்.

இதை டிப்ளமோ படிக்கும் நாம் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பது என் கட்சி. "டேய், இதெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவன் சமாச்சாரம், நமக்கு எதுக்குடா?" என்று ஹாஸ்டலில் கேட்ட நண்பர்களுக்கு நான் அப்போது சுருக்கமாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போகும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் செல்லை ஒரு ஃபேக்டரியாக நினைத்துக்கொள்ளுங்கள். புரதம் தயாராகும் ஷாப் ஃப்ளோருக்கு எண்டோபிளாச வலை என்று பெயர். அங்கே புரதச் சங்கிலி வெளியே வரும்போதே, அதில் குறிப்பிட்ட இடங்களில் பதினான்கு சர்க்கரைகள் கொண்ட ஒரு கொத்து மொத்தமாக ஒட்டப்படுகிறது. எல்லாச் சரக்குக்கும் ஒரே அச்சுக் கொத்து. பிறகுதான் வெட்டல், திருத்தல் எல்லாம். அங்கிருந்து சரக்கு கால்ஜி என்ற அடுத்த செக்‌ஷனுக்குப் போகிறது. கால்ஜிதான் பேக்கிங், டெஸ்பாட்ச் இரண்டும். ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொன்றுக்குப் புரதம் தானாக நடந்து போகாது. சவ்விலிருந்து மொட்டு விட்டதுபோல் கிள்ளி எடுக்கப்பட்ட குட்டிக் குட்டிப் பைகளுக்குள் ஏறித்தான் போகும். அந்தப் பைகளுக்கு வெசிகிள் என்று பெயர். நம்ம ஊர் பாஷையில் லாரி!

இந்த லாரிகள் எப்படிக் கிளம்புகின்றன, எப்படிச் சரியான ஷெட்டில் போய் நிற்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக 2013ல் ராத்மன், ஷெக்மன், ஸூடாஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் லாரி மட்டும் போதுமா? எந்தப் பார்சல் அதில் ஏறவேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? பார்சல் சர்வீஸ் ஆபீசில் நின்று பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். லோடுமேன்! மூட்டையின் மேல் பெயின்ட்டில் எழுதிய மார்க்கைப் பார்த்துத்தான் அவர் அதை ஈரோடு வண்டியிலோ நெல்லை வண்டியிலோ ஏற்றுகிறார். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. மார்க் சரியாக இருந்தால் போதும். லெக்டின்தான் செல்லின் லோடுமேன்.

இந்த லோடுமேன்கள் விஞ்ஞானிகளின் கண்ணில் முதன்முதலில் பட்டது மனித உடம்பில் அல்ல, விதைகளில்! 1888ல் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் (இப்போது எஸ்தோனியா நாட்டில் இருக்கும் டார்ட்டு) ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதையின் சாற்றை ரத்தத்தில் கலந்து பார்த்தார். சிவப்பணுக்கள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டன. 1919ல் அமெரிக்காவில் சம்னர், நம் தோட்டத்துத் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தமான ஒரு அவரையிலிருந்து கன்கனாவலின் ஏ என்ற புரதத்தைப் பிரித்தார். அது சர்க்கரையைப் பிடிக்கிறது என்று பின்னால் தெரிந்தது. லெக்டின் என்ற பெயரை 1954ல் பாய்ட் என்பவர் வைத்தார். தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தாராம். நல்ல பெயர்தான்! நாற்பது வருஷம் கழித்து, 1994ல், நம் செல்லின் லாரிப் பாதையிலேயே அவரைக்காய் லெக்டினின் ஜாடை கொண்ட புரதங்கள் உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. அவரைக்கும் நமக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு!

சரி, ஒரு லோடுமேன் லீவு போட்டால் என்ன ஆகும்?

சில குடும்பங்களில் ஒரு விநோதமான ரத்தக்கசிவு நோய் உண்டு. ரத்தம் உறைய உதவும் ஐந்தாம் காரணி, எட்டாம் காரணி இரண்டுமே ஒரே ஆளுக்குக் குறைவாக இருக்கும். மூக்கில் ரத்தம் வரும். பல் பிடுங்கினால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. குழப்பம் என்னவென்றால், ஐந்தாம் காரணியின் ஜீன் முதல் குரோமோசோமில், எட்டாம் காரணியின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில். இரண்டும் வேறு வேறு கடைச் சரக்கு. இரண்டு கடையும் ஒரே நேரத்தில் திவாலாகுமா? 1998ல் விடை கிடைத்தது. இரண்டு ஜீனும் சரியாகவே இருந்தன. கெட்டுப்போனது பதினெட்டாம் குரோமோசோமில் இருந்த மூன்றாவது ஒரு ஜீன். அது செய்யும் புரதத்தின் பெயர் எர்ஜிக்-53. மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்து, சரக்கை எண்டோபிளாச வலையிலிருந்து கால்ஜிக்குப் போகும் வெசிகிளில் ஏற்றிவிடும் லெக்டின் அது. 2003ல் அதற்குக் கையாளாக நிற்கும் இன்னொரு புரதத்தின் ஜீன் கெட்டாலும் இதே நோய் வரும் என்று தெரிந்தது. இரண்டு கடையும் ஒழுங்காகத்தான் சரக்கு போட்டிருக்கின்றன. லோடிங் பாயின்ட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

இதைவிடப் பெரிய கதை லைசோசோம் கதை. அதுதான் நம் விஷயத்துக்கு நேராகக் கொண்டுபோகும்.

லைசோசோம் என்பது செல்லின் ஸ்கிராப் யார்டு. பழசு, உடைசல், கழிவு எல்லாம் அங்கே போய் உடைபடும். உடைக்கிற என்சைம்கள் மட்டுமே சுமார் அறுபது வகை. உள்ளே நல்ல அமிலம். பி.ஹெச். 5க்குக் கீழேகூட இறங்கும். இந்த என்சைம்கள் வேறு எங்கும் போகாமல் அங்கே மட்டும் எப்படிப் போய்ச் சேருகின்றன?

இதற்கு விடை ஒரு நோயிலிருந்து வந்தது. 1967ல் லெராய், டிமார்ஸ் என்ற இருவர் ஒரு குழந்தை நோயாளியின் செல்களை வளர்த்துப் பார்த்தபோது, செல் முழுக்கக் கழிவு மூட்டைகள் அடைத்துக் கிடந்தன. அதனால் ஐ-செல் நோய் என்று பெயர் வைத்தார்கள். ஸ்கிராப் யார்டில் என்சைமே இல்லை. ஆனால் செல் மிதக்கும் திரவத்தைச் சோதித்தால், அதில் என்சைம் கொட்டிக் கிடக்கிறது! சரக்கு தயாராகியிருக்கிறது, ஆனால் தெருவில் கிடக்கிறது.

அமெரிக்காவில் எலிசபெத் நியூஃபெல்டும் ஹிக்மனும் 1972ல் செய்த சோதனையைப் படித்தபோது, எனக்கு நம்ம எலக்ட்ரிகல் பசங்கதான் நினைவுக்கு வந்தார்கள். டியூப் லைட் எரியவில்லை என்றால் என்ன செய்வோம்? நல்ல டியூபைக் கழற்றி இந்தப் பட்டியில் போட்டுப் பார்ப்போம். இந்த டியூபைக் கொண்டுபோய் நல்ல பட்டியில் போட்டுப் பார்ப்போம். அவர்களும் அதையேதான் செய்தார்கள்! நல்ல செல் வெளியே விட்ட என்சைமை ஐ-செல்லுக்குக் கொடுத்தார்கள். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. ஐ-செல் வெளியே விட்ட என்சைமை மற்ற செல்களுக்குக் கொடுத்தார்கள். சீந்தவில்லை. ஆக, வாங்குகிறவனிடம் கோளாறு இல்லை. பார்சலில்தான் ஏதோ குறை. என்சைமில் ஒரு அடையாளம் இருக்கவேண்டும், ஐ-செல்லில் அது எழுதப்படவில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். கோடி ரூபாய் கருவி எதுவும் அந்த முடிவுக்குத் தேவைப்படவில்லை. மாற்றிப் போட்டுப் பார்க்கும் புத்தி ஒன்றுதான் வேண்டியிருந்தது. நியூஃபெல்டுக்கு 1982ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

அந்த அடையாளம், பாஸ்பேட் ஒட்டிய மேனோஸ் சர்க்கரை என்று 1977 முதல் தெளிவாகத் தொடங்கியது. மேனோஸ்-6-பாஸ்பேட் என்பார்கள். கால்ஜிக்குள் லைசோசோம் என்சைம்களின் சர்க்கரையில் மட்டும் இந்த முத்திரை குத்தப்படுகிறது. அதைப் படிக்கும் லெக்டின்கள் இரண்டு. அவை என்சைமைப் பிடித்து வெசிகிளில் ஏற்றி, எண்டோசோம் என்ற இடைவழி ஷெட்டுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே பி.ஹெச். குறைகிறது. அமிலம் கூடியதும் லெக்டினின் பிடி தளர்ந்து சரக்கு இறங்கிவிடுகிறது. சரக்கு லைசோசோமுக்கு, லோடுமேன் அடுத்த லோடுக்காகத் திரும்பக் கால்ஜிக்கு! இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்களே, இதைவிட அழகான ஒரு பி.ஹெச். ஸ்விட்சை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? வயர் இல்லை, ரிலே இல்லை, ஆனால் கோடானுகோடி முறை வேலை செய்கிறது.

எல்லா லைசோசோம் புரதமும் இந்த ஒரே வழியில்தான் போகிறது என்று சொல்லமாட்டேன். சர்க்கரையை நம்பாமல் வேறு புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவையும் உண்டு. ஆனாலும் ஐ-செல் குழந்தைகளைப் பார்த்தால் இந்த ஒரு முத்திரையின் அருமை புரியும். முத்திரை குத்தும் என்சைம் ஒன்று இல்லாததால், டஜன்கணக்கான என்சைம்கள் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்துவிடுகின்றன.

இன்னொரு சங்கதி. இரண்டு லெக்டின்களில் பெரியது செல்லின் வெளிச்சவ்விலும் கொஞ்சம் நிற்கும். வெளியே தப்பிவந்த என்சைமைப் பிடித்து, புது வெசிகிளில் போட்டு உள்ளே இழுத்து, லைசோசோமுக்கே அனுப்பிவிடும். இங்கேதான் மருந்து வருகிறது நண்பர்களே! என்சைம் இல்லாத நோயாளிக்கு வெளியே தயாரித்த என்சைமை ஊசியில் போட்டால், இந்த வாசல் வழியாக அது உள்ளே போகும் அல்லவா? போகும். ஆனால் முத்திரை இருந்தால்தான் போகும்.

போம்பே என்று ஒரு நோய் உண்டு. பம்பாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போம்பே என்ற டச்சு மருத்துவர் 1932ல் முதலில் விவரித்ததால் வந்த பெயர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்து வேலை செய்ததற்காக 1945ல் சுட்டுக் கொல்லப்பட்ட மனிதர் அவர். இந்த நோயில் கிளைகோஜனை உடைக்கும் லைசோசோம் என்சைம் ஒன்று இல்லை. கிளைகோஜன் என்பது உடம்பு சேர்த்து வைக்கும் சர்க்கரை. அது தசைகளில் குவிந்து தசையைக் கெடுக்கிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே வரும் வகையில் இதயம் பெருத்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டாது. சர்க்கரையை உடைக்கும் என்சைம், தன் மேல் ஒட்டிய சர்க்கரையின் விலாசத்தால்தான் வேலையிடத்துக்கே போகமுடியும் என்பது வேடிக்கைதான்.

அந்த என்சைமை வெளியே தயாரிக்கப் படாத பாடு பட்டார்கள். நெதர்லாந்தில் ஒரு கட்டத்தில் ஜீன் மாற்றிய முயல்களின் பாலிலிருந்துகூட எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்! கடைசியில் ஜென்சைம் என்ற அமெரிக்கக் கம்பெனி சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களைத் தொட்டியில் வளர்த்து மயோசைம் என்ற மருந்தைச் செய்தது. 2006ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அப்போது செல் வளர்த்த தொட்டி 160 லிட்டர். நோயாளிகள் கூடக் கூட அது பற்றவில்லை. கம்பெனி 2000 லிட்டர் தொட்டிக்குப் போனது. அதே செல், அதே ஜீன், அதே புரதம்.

2008ல் எஃப்.டி.ஏ. சொன்னது என்ன தெரியுமா? இது அதே மருந்து இல்லை! 160 லிட்டரில் வந்ததும் 2000 லிட்டரில் வந்ததும் இரண்டு தனித்தனி மருந்துகள். காரணம், புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அமைப்பில் வித்தியாசம்.

நண்பர்களே, இந்த ஒரு தகவலுக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன். இங்கே ஜீனை யாரும் தொடவில்லை. டாக்டர் யாரும் எதையும் மாற்றவில்லை. மாறியது தொட்டி. தொட்டி யாருடைய சப்ஜெக்ட்? நம்முடையது!

ஒரே வடிவத்தில் 160 லிட்டரை 2000 லிட்டராக்கினால் கொள்ளளவு 12.5 மடங்கு கூடும். மேற்பரப்பு சுமார் 5.4 மடங்குதான் கூடும். முதல் வருஷக் கணக்கு! அப்படியானால் காற்று கலப்பது, கரியமில வாயு வெளியேறுவது, சூடு பரவுவது எல்லாமே மாறும். வேகமாகக் கலக்கினால் செல் அடிபடும். மெதுவாகக் கலக்கினால் ஒரு மூலையில் ஆக்சிஜன் குறையும். அம்மோனியா சேர்ந்தால் கால்ஜியின் பி.ஹெச். ஏறும், அங்கே சர்க்கரை ஒட்டும் என்சைம்கள் சோர்ந்துவிடும். ஊட்டத்தில் மாங்கனீஸ் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சர்க்கரைக் கொத்தின் நுனி மாறும். வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி இறக்கினாலும் மாறக்கூடும். செல் தொட்டிகளில் பொதுவாகத் தெரிந்த சங்கதிகள் இவை. கரைந்த ஆக்சிஜன் ப்ரோபை காலிப்ரேட் செய்கிறவர், ஊட்டம் விடும் பம்பின் ஸ்ட்ரோக்கை செட் செய்கிறவர், ஜாக்கெட் தண்ணீர் வால்வைப் பார்த்துக்கொள்கிறவர், இவர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ அந்த என்சைமின் முதுகில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"எஸ்.ஓ.பி.யில் போட்டிருக்கிறபடி பட்டனை அமுக்கினால் போச்சு, காரணம் எதுக்கு மச்சான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டனை அமுக்கக் காரணம் தேவையில்லை. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் ரீடிங் கொஞ்சம் எகிறி, அரை மணியில் தானாகவே சரியாகிவிட்டது என்று வையுங்கள். லாக் புக்கில் எழுதுவதா விடுவதா என்ற அந்த நிமிஷத்தில் எஸ்.ஓ.பி. பக்கத்தில் வந்து நிற்காது. "புரதம் வந்தாச்சு, அளவு சரியா இருக்கு, போதும்" என்று நினைக்கிறவர் விட்டுவிடுவார். அளவு சரியாக இருந்தும் விலாசம் கெட்டிருக்கலாம் என்று தெரிந்தவர் எழுதுவார்.

எஃப்.டி.ஏ. செய்தது சரிதானா என்று எனக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் நடந்தது. வேறு பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அதே 2000 லிட்டர் சரக்கை இவர்கள் நிறுத்தினார்கள். மருந்து இருந்தும், பெரியவர்களுக்கு முறையான அனுமதியோடு அது கிடைக்க 2010 மே வரை ஆனது. அப்போது இன்னும் பெரிய தொட்டியில் செய்த சரக்கை லூமிசைம் என்று வேறு பெயரில் அனுமதித்தார்கள். அதையும் முதலில் குழந்தைகளுக்குக் கொடுக்க விடவில்லை. 2014ல், சோதித்துப் பார்த்ததில் இரண்டும் ஒப்பிடத்தக்கவைதான் என்று சொல்லி, எல்லா வயதினருக்கும் திறந்துவிட்டார்கள். "அப்புறம் எதுக்கு இத்தனை கெடுபிடி?" என்று நோயாளியின் வீட்டார் கேட்டால் அதில் தப்பே இல்லை. மூச்சுத் தசை தளர்ந்துகொண்டே போகும் ஒருவருக்கு ஒவ்வொரு மாதமும் பெரிய மாதம்.

ஆனாலும் நான் எஃப்.டி.ஏ. பக்கம்தான் கை தூக்குவேன். தசை செல்லின் வாசலில் இந்த லெக்டின் மிகவும் குறைவு. ஊசியில் போட்டதில் பெரும்பங்கைக் கல்லீரல் விழுங்கிவிடுகிறது. முத்திரை கொஞ்சம் குறைந்தாலும் தசைக்குப் போவது இன்னும் குறையும். நோயாளிக்கு அது தெரியாது, கண்ணாடிக் குப்பியைப் பார்த்தால் டாக்டருக்கும் தெரியாது. சுத்தம் சரி, அளவு சரி, லேபிள் சரி. உள்ளே போய் விலாசம் தெரியாமல் அலைந்தால் யார் கண்டது? அப்படி ஒரு சந்தேகம் வந்தபின், பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற அதிகாரியைவிட, நிறுத்திச் சோதித்த அதிகாரி மேல். சோதனையை இன்னும் விரைவாக முடித்திருக்கலாம் என்பது மட்டும்தான் என் குறை.

விலாசம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதற்குப் பின் நடந்ததே சாட்சி. பழைய மருந்தில் ஒரு என்சைம் மூலக்கூறுக்குச் சராசரியாக ஒன்றுக்குச் சற்று மேல் மேனோஸ்-6-பாஸ்பேட். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது வகையில், வேதிமுறையில் ஒட்டவைத்துச் சுமார் பதினைந்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். புரதச் சங்கிலி அதேதான். முத்திரைதான் கூடியது.

கோஷே என்ற இன்னொரு நோயில் இதற்கு முன்பே இதே பாடம் கிடைத்தது. மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த என்சைமை ஊசியில் போட்டார்கள். அது போகவேண்டியது மேக்ரோஃபேஜ் என்ற செல்லுக்கு. பெரும்பகுதி போனதோ கல்லீரலின் வேறு செல்லுக்கு. அமெரிக்காவில் பிரேடி குழுவினர், சர்க்கரைக் கொத்தின் நுனியைப் படிப்படியாக வெட்டி, அடியிலிருந்த மேனோஸ் வெளியே தெரியும்படி செய்தார்கள். மேக்ரோஃபேஜின் மேல் நிற்கும் மேனோஸ் லெக்டின் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. 1991ல் மருந்து கடைக்கு வந்தது. மாற்றியது விலாசத்தை மட்டும்தான்!

சரி, இதெல்லாம் அமெரிக்கா, நெதர்லாந்து கதை என்கிறீர்களா? 2021ல் நம் மத்திய அரசு கொண்டுவந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் போம்பே, கோஷே இரண்டுமே இருக்கின்றன. சிகிச்சை உண்டு, ஆனால் செலவு மிக அதிகம், வாழ்நாள் முழுக்கத் தேவை என்ற மூன்றாம் பிரிவில் வருகின்றன. 2022ல் ஒரு நோயாளிக்கான உதவியை 50 லட்ச ரூபாய் வரை உயர்த்தினார்கள். கேட்க நிறையத்தான் இருக்கிறது. மயோசைம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 4 குப்பி. அதே குழந்தை வளர்ந்து ஐம்பது கிலோ ஆனால் 20 குப்பி. பிள்ளை வளர்கிறதே என்று சந்தோஷப்படவேண்டிய பெற்றோர், எடை மெஷினைப் பார்த்துப் பயப்படும் நிலைமை!

இந்த விலை இறங்கவேண்டுமானால் இங்கேயே தயாரிக்கவேண்டும். ஜீனைச் செல்லில் புகுத்துவது ஆய்வுக்கூடத்து வேலை, அதற்கு ஆள் இருக்கிறார்கள். 160 லிட்டரில் வந்த விலாசத்தை 2000 லிட்டரிலும் பிசகாமல் எழுதவைப்பது பிளான்ட் வேலை. அதற்குக் கலக்கி, வால்வு, சென்சார், பம்ப், கன்ட்ரோல் லூப் தெரிந்தவர் வேண்டும். சர்க்கரை என்றால் என்ன, லெக்டின் எதைப் படிக்கிறது என்பதும் அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். முதல் பாதியை நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவது பாதி, நான் படிக்கும் பிரிவின் எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு இரண்டு வேண்டுகோள். வருஷா வருஷம் போகும் இண்டஸ்ட்ரியல் விசிட்டில் அதே சிமென்ட் ஆலை, அதே ஸ்பின்னிங் மில் என்று போகாமல், ஒருமுறையாவது செல் வளர்க்கும் தொட்டியோ, குறைந்தது நொதித்தல் தொட்டியோ ஓடும் ஒரு பிளான்ட்டுக்கு அனுமதி கேளுங்கள். கிடைப்பது கஷ்டம் என்று சார்கள் சொல்வார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாவது பார்த்துவிட்டு வருகிறோம். இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் கலைக் கல்லூரியின் உயிர்வேதியியல் மாணவர்களை ஒரு சனிக்கிழமை மதியம் நம் செமினார் ஹாலுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் நமக்கு லெக்டின் சொல்லித் தரட்டும். பதிலுக்கு நாம் அவர்களுக்குப் பி.ஐ.டி. கன்ட்ரோலர் சொல்லித் தருவோம். டீ, சமோசா செலவை எங்கள் கெமிக்கல் மூன்றாம் ஆண்டு ஏற்றுக்கொள்ளும்.